சாயம் ஏறிய கால்

இன்று காலை வெட்டுக்காயப் பூண்டு இலையைக் கசக்கியதும் அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய். பட்டறையில் இப்போது என்னோடு வேலை செய்யும் தேவகி, காலில் ஆணி குத்திக்கொண்டு வந்து நின்றிருந்தாள்.

நாம் இருவரும் இதே ஆரணிப் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்ட காலத்தில், விறகுக் கட்டையிலிருந்த துருப்பிடித்த ஆணி உன் கால் கட்டைவிரலுக்கு அடியில் இறங்கியது. "இன்னாடா, ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?" என்று கேட்டாய். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே! "ஒரு ஆணிக்கா ஆஸ்பத்திரி? கல்யாண ஆர்டர் பேஜாராயிடும். குந்துடா" என்று அதட்டி, வேலியோரம் பறித்த பூண்டின் சாற்றைப் பிழிந்து கட்டினேன். கத்தி கீறினால் நாம் எத்தனையோ முறை அப்படிக் கட்டி ஆற்றியிருக்கிறோம்.

மூன்றாம் நாள் நொண்டினாய். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். விரல் சிவந்திருந்தது. அரக்குச் சாயத்தில் நம் கால்கள் எப்போதும் சிவந்துதானே கிடக்கும்? "சாயம்டா, வேற ஒண்ணுமில்ல" என்றேன். மறுநாள் காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் விரலையே எடுத்துவிட்டார்கள்.

"இலையக் குத்தம் சொல்லாத. ஆழமா குத்தினதுக்குள்ள அது எப்பிடிடா போவும்? மேலால மூடிக்கிச்சி, உள்ள சீழ் புடிச்சிக்கிச்சி" என்று நீயே எனக்குச் சமாதானம் சொன்னாய். "ஒரு நகம் வெட்டுற வேலை மிச்சம்டா" என்று வேறு கிண்டல். பாவி, நீ சிரிக்கச் சிரிக்க நான் உன் காலைப் பார்க்காமல் நூலை அலசுவேன். போன ஐப்பசியில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தக் கிண்டலை நீ விடவில்லை.

"அண்ணே, ஜல்தியா கட்டுங்க, அடுப்பு எரிஞ்சிகினு கீது" என்று தேவகி அவசரப்படுத்தினாள். நான் சோப்புப் போட்டு, சாயம் போகும்வரை அவள் காலைக் கழுவினேன். துளை ஆழமாகத் தெரிந்தது. இலையைக் கீழே போட்டேன். "இதுக்கு இலை ஆவாதும்மா. ஊசி போடணும். வண்டில ஏறு" என்றேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். அன்று கட்டைப் பிரித்தபோது உன் விரலைத் தொட்டேன். கொதித்தது. காய்ந்த சாயம் சுடாது என்று எனக்குத் தெரியும்டா. ஆர்டர் முடியட்டும் என்று திரும்பக் கட்டிவிட்டேன். இன்று தேவகியின் காலைக் கழுவும்போதும் என் கை அந்தச் சூட்டைத்தான் தேடியது.