ரொட்டிக்கடை வாசலிலிருந்து மறுபடியும்

ஜனவரி 6

இந்த நோட்டில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன், எனக்குச் சங்கடமானதையும் சேர்த்து. முதல் உண்மை: வயது பதினான்கு, எடை எண்பத்திரண்டு கிலோ. இரண்டாவது: மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் புத்தகம் சேர்க்கும் நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இருபத்தைந்து கிலோமீட்டர். நான் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தெரிந்தவர்கள் ஒரு புத்தகம் தருவார்கள். போன வருடம் டைபாய்டு வந்து அந்த வார்டில் பத்து நாள் கிடந்தேன். அங்கே மொத்தம் மூன்று புத்தகங்கள். மூன்றையும் நாலு தடவை படித்தேன்.

ஜனவரி 7

மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி; மரப்பட்டறை வைத்திருக்கிறார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. "பூசணி, நீ முழுசா நடந்து முடி, அந்த வார்டுக்கு என் கையால அலமாரி செஞ்சு தர்றேன். ஒரு அடி குறைஞ்சாலும் கிடையாது." அம்மா முறைத்தாள். புத்தகம் வந்தால் வைக்க அங்கே இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் சரி என்றேன்.

ஜனவரி 19

பயிற்சி நடை, நாலு கிலோமீட்டர். தொடைகள் உரசி எரிகின்றன. உள்பக்கம் தையல் வராமல் முழங்கால்வரை ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள் அம்மா.

பிப்ரவரி 2

பன்னிரண்டு! பக்கத்து வீட்டு ஆன்ட்டி, இளைத்த மாதிரியே தெரியவில்லையே என்றார். எடை பார்த்தேன். அதே எண்பத்திரண்டு. ஆனால் மாடிப்படியில் இப்போது நடுவில் நிற்பதில்லை.

பிப்ரவரி 15

பட்டறைச் சுவரில் நல்ல பலகை ஒன்று தனியாகச் சாய்ந்திருந்தது. எதற்கு என்று கேட்டேன். மேசைக்கு என்றார் மாமா.

பிப்ரவரி 23

முடித்துவிட்டேன். முடித்துவிட்டேன்!

வரிசையாக எழுதுகிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒன்பதுக்குள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதன்பின் சாலையில் நானும், நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஊர்ந்து வரும் வேனும்தான். பதினெட்டாவது கிலோமீட்டரில் குதிகால் கொப்புளம் உடைந்தது. ஒரு ரொட்டிக்கடை வாசல்படியில் உட்கார்ந்தேன். எதிரே மேம்பாலம், மலை மாதிரி. மேம்பாலத்தைத் தாண்டி இறக்கிவிடுகிறேன், அப்புறம் நடந்துகொள் என்றார் வேன் டிரைவர்.

ஏறினேன். உண்மையாக எழுதுவதாகச் சொன்னேனே — ஏறினேன். சீட் மெத்தென்று இருந்தது. வேன் நகர்ந்தது. பெட்ரோல் பங்க் போனது. பெரிய கண்ணாடிக்கடை போனது. இன்று சாயங்காலம் இந்தப் பக்கத்தை எப்படி எழுதப்போகிறேன் என்று நினைத்தேன். எழுதாமல் விடலாமா? விட்டால் அப்புறம் இது என்ன நோட்டு? அலமாரியைத்தான் எப்படிப் பார்ப்பேன்?

"அண்ணா, நிறுத்துங்க. ரொட்டிக்கடைக்குத் திரும்பிப் போகணும்."

"எதுக்கும்மா? யாரு பாத்தாங்க?"

"நான் எழுதணும், அண்ணா."

அவருக்குப் புரிந்திருக்காது. தலையைச் சொறிந்தார். "சரி, உக்காரு. ரிவர்ஸ்லயே கொண்டு விடறேன்."

பின்னோக்கிப் போவதற்கு வேனில் போகலாமா? யோசித்தேன். அதில் பொய் இல்லை. கண்ணாடிக்கடை வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது, ரொட்டிக்கடை வந்தது. அதே படியில் கால் வைத்து மறுபடியும் ஆரம்பித்தேன். மேம்பாலத்தின் உச்சியில் அழுதேன். இறக்கத்திலும் அழுதேன், ஆனால் நடந்துகொண்டேதான்.

நாலேகாலுக்கு நடை முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், தொங்கிய முனையை ஏணிமேல் நின்றபடியே தூக்கிப் பிடித்தார். அதன் கீழே போனேன். அம்மா கட்டிக்கொண்டாள்.

"முழுசாவா?" என்றார் மாமா.

வேன் கதையைச் சொன்னேன். மாமா என் ஷூவைப் பார்த்தார். அப்புறம், "ரிவர்ஸ்லயா?" என்று கேட்டு இருமும்வரை சிரித்தார். என் ஷூவை அவரே குனிந்து கழற்றினார்.

மார்ச் 30

அலமாரியை வார்டில் வைத்தோம். 'மேசை'ப் பலகைதான், பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாலு தட்டு. அடித்தட்டு, படுத்திருப்பவர்களுக்கும் கை எட்டும் உயரத்தில். ஜன்னலோரக் கட்டிலில், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த சின்னப்பெண், இதை யார் செய்தது என்று கேட்டாள்.

"மரம் அறுத்தது நான்," என்றார் மாமா. "நடந்தது இவ. ஒரு அடி குறையாம."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் காதுவரை சிரிப்பு.

என் எடை எண்பத்தொன்றரை.

அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து, அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்றாம் பக்கம்வரை படித்துக் காட்டினேன். எட்டு மணிக்கு நர்ஸ் வந்தார். நான் நிறுத்திய பக்கத்தில் விரலை வைத்தபடியே அவள் படுத்துக்கொண்டாள். விளக்குகளை அணைத்தார்கள்.