கடைசிப் பத்து நிமிஷம்

பிப்ரவரி 5, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டுவேன்னு தெரிஞ்சேதான் எழுதறேன். நேத்தும் டைப்பிங் கிளாஸுக்குப் போகல, போன வாரமும் போகல. காரணம், இந்த ஊர்ல இருக்கிற ஒரே தியேட்டர்ல அஞ்சாவது வாரமா அதே படம் ஓடுது.

ஓடுதுன்னதும் கூட்டம் அலைமோதுதுன்னு நினைச்சுக்காத. புதன்கிழமையை விட்டா மேட்னிக்குப் பன்னெண்டு பேர் வந்தா பெரிசு, அதுல நாலு பேர் ஏசியில தூங்க வந்தவங்க. தியேட்டர் முதலாளிக்குப் படம் பிடிச்சுப்போச்சு, அவ்வளவுதான் கணக்கு. அவருக்குப் பிடிக்காத படம் இந்த ஊர் எல்லையைத் தாண்டி வராது. பேய் கூடாது, கோர்ட்டு கூடாது, யாரும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வெளியே போகக் கூடாது. ஊருக்கே சேர்த்து அவர் ஒருத்தர் ரசிக்கிறார்.

சினிமாவுக்கும் கிளாஸுக்கும் என்னடி சம்பந்தம்னு கேட்டிருந்த. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற பேப்பர் மில்லுல புதன்கிழமை தோறும் குடும்பத்துக்கு மேட்னி பாஸ் தர்றாங்க. எல்லா வீட்டுலயும் போறாங்க. நான் மட்டும் போகலைன்னா மில்லுல பேச்சு வரும், அதுக்காகத்தான் என்னை விடறார். காலையில பால் வாங்கற அஞ்சு நிமிஷத்தை விட்டா, நான் தனியா வெளியே போறது அந்த மூணு மணி நேரம்தான். லைட் அணைஞ்சதும் டிக்கெட் கொடுக்கிற அம்மா பக்கத்துக் கதவைத் திறந்து விடுவாங்க. எதிர் மாடியில கிளாஸ். படம் விடறப்ப வந்து கூட்டத்துல கலந்துக்குவேன்.

வீட்டுக்கு வந்ததும் கதை கேட்பார். பரீட்சையில கேட்கிற மாதிரி கேட்பார். இந்தப் படத்தை முதல் வாரமே முழுசாப் பார்த்துட்டதால மூணு வாரம் சமாளிச்சேன். நாலாவது வாரம் பாஸைக் கையில எடுத்ததும், "என்ன, மனப்பாடம் பண்றியா?"ன்னார். திரும்ப வெச்சுட்டேன். அவர் சத்தம் போட்டாக்கூட எனக்குப் பயமில்லக்கா. மெதுவாப் பேசினாத்தான் பயம். போன வருஷம் ஒன்பது நாள் என்னை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டினதுக்கு முன்னாடியும் இப்படித்தான் மெதுவாப் பேசினார்.

பரீட்சை மார்ச் 21. அடுத்த வாரத்துக்கு அப்புறம் ஒரு கிளாஸ் விட்டாலும் அனுப்ப மாட்டேன்னு மாஸ்டர் சொல்லிட்டார். அதனால புதுப் படத்தை உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரமில்ல. அடுத்த வெள்ளிக்கிழமை படம் மாறுதாம். லாரி டிரைவர் தம்பியைத் தேடற படம். நீ அங்க பார்த்திருப்ப. கதையை எழுது. போன்ல அனுப்பிடாத, அதை அவர் தினமும் பார்க்கிறார். எப்பவும் போல தியேட்டருக்கே போடு, டிக்கெட்டம்மா பேருக்கு.

உன்
குட்டி


பிப்ரவரி 9, திங்கள்

என் செல்லக் குட்டிக்கு,

திட்டலடி. திட்டறதுக்கு நீ பக்கத்துல இருக்கணும். இங்க தெருவுக்கு ஒரு தியேட்டர், எதுக்குப் போறதுன்னு தெரியாம நான் எதுக்குமே போறதில்ல. நல்லவேளை, ஆஸ்பத்திரியில கூட வேலை பார்க்கிறவங்க இந்த ஒரு படத்துக்கு இழுத்துட்டுப் போனாங்க.

கேட்டுக்கோ. அண்ணன் லாரி டிரைவர். சின்ன வயசுல சந்தையில தொலைஞ்ச தம்பியைத் தேடி ஊர் ஊராப் போறான். வழியில ஒரு நர்ஸ் ஏறிக்கறா, மூணு பாட்டு. ஒரு மில் முதலாளிகிட்ட தம்பி அடியாளா இருக்கான். கடைசியில பாலத்து மேல ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கறாங்க. அப்பத்தான் தம்பி முதுகுல குத்துப்பட்டிருக்கறது தெரியும். ஆஸ்பத்திரியில அண்ணன் மடியிலயே உயிர் போகுது. அதைச் சொல்றப்ப கொஞ்சம் கண்ணைத் துடைச்சுக்கோ, அப்பத்தான் நம்புவார். அங்க நானே அழுதேன், என்னை உனக்குத் தெரியும்ல.

எங்க ரெக்கார்டு செக்ஷன்ல உனக்குச் சொல்லி வெச்ச டைப்பிஸ்ட் இடத்தை மேடம் ஏப்ரல் வரைக்கும்தான் காலியா வெச்சிருப்பாங்க. இல்லாட்டியும் வா. என் ரூம்ல ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம். சான்றிதழ் வாங்கிட்டுத்தான் வருவேன்னு நீ பிடிக்கிற பிடிவாதம் யார்கிட்ட இருந்து வந்துச்சோ.

முத்தங்களுடன்
அக்கா


பிப்ரவரி 19, வியாழன்

அக்கா,

தப்பு நடந்துபோச்சு.

நேத்து கிளாஸ் நல்லாப் போச்சு, ஒரு பக்கத்துக்கு மூணே பிழை. சாப்பிடறப்ப அவர் கதை கேட்டார். நீ எழுதினபடியே சொன்னேன். மடியில உயிர் போறதைச் சொன்னப்ப நிஜமாவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கிட்டார்.

இன்னைக்குக் காலையில பால் பூத்துக்குப் போனேன். காலையில அங்க பால் விக்கறதும் டிக்கெட்டம்மாதான். பாவம் தம்பி செத்துட்டானேன்னேன், வாய் சும்மா இருக்காம. அந்தம்மா பால் பாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. தியேட்டர் முதலாளி கடைசிப் பத்து நிமிஷத்தை வெட்டிட்டாராம். அவருக்கு யாரும் சாகக் கூடாதே. பாலத்துல கட்டிப் பிடிச்சதும் லைட் போட்டுடறாங்களாம். ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தத் தம்பி உயிரோட இருக்கான். என் ஒருத்திக்குத்தான் செத்துட்டான்.

மில் கேன்டீன்ல இந்தப் பேச்சு வராம இருக்குமா? கேட் திறக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து நின்னுடறேன். இதைப் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு எழுதறேன்.

குட்டி


பிப்ரவரி 23, திங்கள்

குட்டி,

படிச்சதுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பெரிய கதாசிரியை மாதிரி கண்ணைத் துடைச்சுக்கோன்னு வேற எழுதினேனே. நானே உன் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டேன்.

கேட்டார்னா, பக்கத்து சீட்டு அம்மா பெரிய ஊர்ல பார்த்ததைச் சொன்னாங்க, அதைச் சொல்லிட்டேன்னு சொல்லு. கேட்கலைன்னா நீயா வாயைத் திறக்காத. எதுவா இருந்தாலும் இதுக்கு மேல அங்க இருக்க வேண்டாம். பால் வாங்கப் போற பையோட அப்படியே பஸ் ஏறு. பரீட்சை எங்கயும் ஓடிப் போயிடாது. எனக்கு நீ வேணும், உன் சான்றிதழ் இல்ல.

உடனே பதில் போடு. ஒரு வரி போதும்.

அக்கா


மார்ச் 5, வியாழன்

அக்கா,

ஆறு நாள் ஒண்ணும் கேட்கல. ஏழாவது நாள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டே, "அந்தத் தம்பி எப்படிச் செத்தான்?"னார். நீ சொல்லிக் கொடுத்த பக்கத்து சீட்டு அம்மாவைச் சொன்னேன். "எந்த வீட்டம்மா?"ன்னார். தெரியலன்னேன். சரி, அடுத்த புதன் நானும் வர்றேன்னார்.

நேத்து வந்தார். லீவு போட்டுட்டு, இஸ்திரி போட்ட சட்டையோட. திரையை ஒரு தடவைகூடப் பார்க்கல, படம் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். பாட்டு வந்தப்ப எனக்குச் சிரிக்கணுமா வேண்டாமான்னு தெரியல. பாலத்துல கட்டிப் பிடிச்சாங்க, லைட் போட்டாங்க, எல்லாரும் சந்தோஷமா எழுந்தாங்க. "நல்ல படம்"னு சொல்லிட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டார். வீடு வர்ற வரைக்கும் விடல. வழியில பார்த்தவங்க எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க.

நாளையில இருந்து பால் அவரே வாங்கறாராம். இன்னைக்கு ஒரு நாள்தான் எனக்கு இருக்கு. நீ சொன்ன மாதிரி பையோட பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினேன். சைக்கிள் கடைகிட்ட அவர் நின்னுக்கிட்டிருந்தார், மில்லுக்குக் கிளம்பினவர். கையைக்கூட ஆட்டல. பூத்துக்கே திரும்பி வந்து, பின்னாடி நின்னு இதை எழுதி, பால் டோக்கனுக்கு நடுவுல மடிச்சு வெச்சு டிக்கெட்டம்மாகிட்ட கொடுக்கறேன்.

பயமா இருக்குக்கா. ரொம்பப் பயமா இருக்கு.

குட்டி


மார்ச் 12, வியாழன்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இவ்விடம் நானும் என் கணவரும் நலம். தங்கள் நலன் அறிய ஆவல்.

இவ்வூர்த் திரையரங்கில் நல்ல படங்கள் வராத காரணத்தால் நான் அங்கு செல்வதை நிறுத்திவிட்டேன். தட்டச்சு கற்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆகவே இனித் திரையரங்கு முகவரிக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் என்னை நல்ல முறையில் கவனித்துக்கொள்கிறார். தாங்கள் இங்கு வருவதற்கு இது ஏற்ற சமயம் அல்ல.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை


மார்ச் 21, சனி, காலை எட்டேகால்

குட்டி,

இது தபால்ல வர்றதில்ல. உங்க வீட்டு வாசல்ல, செருப்பு வைக்கிற பெட்டி மேல வெச்சு எழுதறேன். அரை மணி நேரமாக் கதவைத் தட்டறேன். அவர் வண்டி வெளியே நிக்குது. உள்ளே நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுது. ஆனா கதவு திறக்கல. இதைக் கதவுக்கு அடியில தள்ளப் போறேன்.

மாப்பிள்ளை, முதல்ல நீங்கதான் எடுப்பீங்க, நிதானமாப் படிங்க. நீங்க சொல்லச் சொல்ல என் தங்கச்சி எழுதின கடிதம் வந்தது. அதுல ஒரு வரிகூட அவ பேசற மாதிரி இல்ல. மில்லுல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கு எப்பவும் கவலை. உங்க மேனேஜர் வீட்டம்மா இப்ப என் பக்கத்துலதான் நிக்கறாங்க. டிக்கெட்டம்மா வேலைக்குப் போகாம வந்திருக்காங்க. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு ஒரு போலீஸம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கேன். படிச்சு முடிச்சா அவகிட்ட கொடுங்க.

குட்டி, நான் வந்துட்டேன். உன் ஹால் டிக்கெட்டை மாஸ்டர் கொடுத்து அனுப்பினார். பரீட்சை பத்து மணிக்கு. எழுதினா எழுது, இல்லாட்டிப் போகட்டும். உள்ளே இருந்து நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கதவை உடைக்கலாம்னு போலீஸம்மா சொல்றாங்க. குரல் வரலைன்னா எழுதித் தள்ளு. நான் தரையில உட்கார்ந்து கதவடியையே பார்த்துக்கிட்டிருக்கேன்.

அக்கா


(அதே தாள், பின்பக்கம்)

அக்கா,

இருக்கேன். அவர் படிச்சுட்டார். எழுதாதன்னு சொல்லிக்கிட்டே பக்கத்துல நிக்கறார். அவர் பார்க்கப் பார்க்கத்தான் இதை எழுதறேன்.

கதவை உடைக்கச் சொல்லு.

குட்டி