அடைத்த குழாயும் பத்து மில்லி சிரிஞ்சும்

இன்று காலை ஆறாம் படுக்கைக்கு வந்த பெண்ணின் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தேன். அந்த வாடையோடு உன் நினைவு வந்தது. நீ போய் இரண்டு வருஷமாகிறது.

கோவில்பட்டியில் இந்த ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் நர்ஸாகச் சேர்ந்தோம். நீ இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருவாய். இயற்பியல் படிக்க ஆசைப்பட்டு, வீட்டார் சொல்லுக்காக நர்சிங் படித்தவள். அந்த ஆசை உன்னிடம் இன்னும் மிச்சமிருப்பதை குளத்தூர்க்காரர் ஒருவர் நோயாளியாக வந்தபோதுதான் கண்டேன்.

உப்பளத்தில் வேலைபார்த்தவர். புற்றுநோய் மருந்து ஏற்ற, கை வழியாக நெஞ்சு வரைக்கும் மெல்லிய குழாய் போட்டிருந்தார்கள். ஒருநாள் அது அடைத்துக்கொண்டது. உப்புநீர் செலுத்திப் பார்க்க இரண்டு மில்லி சிரிஞ்சை எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ஏட்டி, அதை வை. பத்து மில்லி எடு."

"அடைச்சதுக்குச் சின்னதுதானே நல்லா அழுத்தும்?"

"அதனாலதான் வேண்டாங்கேன்."

மெதுவாகத் தள்ளினாய், இழுத்தாய், மறுபடி தள்ளினாய். கால் மணி நேரத்தில் வழி திறந்தது.

அப்புறம் கைகழுவும் தொட்டிக்கு என்னைக் கூட்டிப்போனாய். காலாவதியான ஒரு குழாயின் நுனியைக் கிளிப்பால் இறுக்கி, முதலில் பத்து மில்லியால் அழுத்தினாய். தாங்கியது. அதே விரலால் இரண்டு மில்லியில் அழுத்தினாய். குழாய் புடைத்து வெடித்து, உன் யூனிஃபார்ம் நனைந்தது.

"பெருவிரல் பலம் ஒண்ணுதான். அது சின்ன வட்டத்துல விழுந்தா அழுத்தம் ஏறிரும். வட்டத்தோட அகலம் பாதியாச்சுன்னா அழுத்தம் நாலு மடங்கு. இது அவிய நெஞ்சுக்குள்ள வெடிச்சா என்ன செய்வ?"



சில வருஷம் கழித்து அதே நோய் உனக்கு வந்தது. அதே வகைக் குழாய் உன் கையில். மூன்றாவது முறை மருந்து ஏற்ற வந்தபோது அடைத்துக்கொண்டது. டியூட்டியில் நான். பத்து மில்லியால் அரை மணி நேரம் முயன்றேன். அசையவில்லை. புதியம்புத்தூரில் தையல் வேலை பார்க்கும் உன் வீட்டுக்காரர் கட்டிலருகே நின்றார்.

"கொஞ்சம் அமுக்கிப் பாருங்க சிஸ்டர். மறுபடி குத்துனா இவ தாங்க மாட்டா."

நீ கண்ணை மூடியிருந்தாய். மருந்து வண்டிக்குப் போய் இரண்டு மில்லி சிரிஞ்சில் உப்புநீரை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து உன் கையருகே நின்றேன். சில நிமிஷங்கள் போயின. பிறகு அதைக் குப்பையில் போட்டேன்.

"போக மாட்டேங்கு" என்றேன்.

"எத்தனை மில்லில பாத்த?"

"பத்து."

"அப்ப விட்டுரு. டாக்டர்ட்ட சொல்லு."

மறுநாள் மற்றக் கையில் புதுக் குழாய் போட்டார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். நீ சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாய்.

அதன்பின் நான்கு மாதம் இருந்தாய். பத்து என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சின்னதை நிரப்பிக்கொண்டு உன் அருகில் நின்றதைச் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ மத்தியானங்கள் இருந்தன. என்னை நம்பித்தான் நீ கண்ணைத் திறக்காமல் கேட்டாய்.

இப்போது குழாய் அடைத்தால், பக்கத்தில் யார் எப்படி அவசரப்படுத்தினாலும், அசையாத இடத்தில் என் பெருவிரல் நின்றுவிடுகிறது. உன் கணக்கை அது அன்று தொட்டியடியிலேயே படித்துவிட்டது. நான் படிக்கத்தான், சின்ன சிரிஞ்சோடு உன் கையருகே நின்ற அந்தச் சில நிமிஷங்கள் ஆயின.