குடிகாரங்க கூட்டம் எங்கே?

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
7-5-1973

அன்புள்ள பிலோமியின் அப்பாவுக்கு, உங்கள் ஐரீன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் குழந்தையும் மாதா புண்ணியத்தில் சுகம். விசாகப்பட்டினத்தில் உங்கள் வயிற்றுவலி தேவலையா? அங்கே சாப்பாட்டில் காரம் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே போனது காரம் மட்டும்தானா என்று நான் கேட்கப்போவதில்லை.

பிலோமி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள். நேற்று என்னிடம் வந்து, "அப்பா கோயிலுக்கு நேரா நடந்து வருவாரா, கிறிஸ்துமஸ் மாதிரி சாஞ்சிக்கினு வருவாரா?" என்று கேட்டாள். நேராகத்தான் வருவார் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் முதல் நாள் சனிக்கிழமை காலையில் வந்து இறங்குகிறீர்கள். அன்று சாயந்திரம் உங்கள் தோஸ்துகள் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த ஒரு சாயந்திரத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

"குடிக்கமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்து செய்து மீறிவிட்டேன், இனி சத்தியம் செய்யவே வெட்கமாக இருக்கிறது, வேறு வழி இருந்தால் நீயே தேடு" என்று போன கடிதத்தில் எழுதினீர்களே. தேடிவிட்டேன்! குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் சனிக்கிழமை சாயந்திரம் மார்க்கெட் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள் என்று பங்குச் சாமியார் சொன்னார். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவருக்கும் தெரியவில்லை. வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று போர்டு வைப்பதில்லையாம். எதிர்வீட்டு மங்கம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். காசிமேட்டில் மீன் விற்றுப் பழகிய குரல், உங்களுக்குத் தெரியாததா?

பீடிக்கடையில் நின்று, "குடிகாரங்க கூட்டம் எங்கபா நடக்குது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கேட்டாள். கடைக்காரர், "தோ, அந்தாண்ட பாரு, எப்பவும் கூட்டந்தான்" என்று சாராயக்கடையைக் கை காட்டினார். ரிக்‌ஷாக்காரர் ஒருவரைக் கேட்டாள். அவரும் அங்கேயேதான் காட்டினார். மூன்றாவதாகக் கேட்ட ஆள், "நானும் அங்கதான் போய்க்கினு கீறேன், வாங்க" என்று முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, கண்ணாடி போட்ட ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார். "இன்னாய்யா, பொம்பளைங்க பின்னால வந்துகினு கீறே?" என்று மங்கம்மா கூடையை ஓங்கிவிட்டாள். அவர் பதறிப்போய், "நீங்க தேடுற கூட்டம் அது இல்லம்மா, இப்படி வாங்க" என்று சந்துக்குள் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். அவர் பெயர் ஜேக்கப், ரயில்வேயில் வேலை, அவரும் குடியை விட்டவர்தானாம்.

உள்ளே ஆளுக்கொரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையோடு டீ குடித்துக்கொண்டு, கல்யாண வீடு மாதிரி சிரித்துக்கொண்டு இருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் கோதண்டம், ஹார்பரில் படகு ஓட்டுகிறார். அவர் மங்கம்மாவை முன் பெஞ்சில் உட்காரச் சொல்லி, "கூச்சப்படாதம்மா, பொம்பளைங்களும் வரலாம்" என்றார். "நானா? நான் வெத்தலதான்யா போடுவேன்!" என்று மங்கம்மா போட்ட சத்தத்தில் டீயே தளும்பியது.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து, என் பெயர் இன்னது, நான் ஒரு குடிகாரன் என்று சொன்னார்கள். மற்றவர்கள் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார்கள். "இன்னாடி கூத்து இது! வெளிய நாம சொன்னா அடிக்க வரானுங்கோ, இங்க அவனுங்களே எந்திரிச்சி சொல்லிக்கிறானுங்கோ" என்று மங்கம்மா என் காதில் சொன்னாள். அவள் காதில் சொன்னால் ஊருக்கே கேட்கும். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்காக வந்தேன் என்றேன். "அவரு பேரு இன்னாம்மா?" என்றார் கோதண்டம். நான் மங்கம்மாவைப் பார்த்தேன். ரேஷன் கடையில்கூட கார்டை நீட்டுவேனே தவிர உங்கள் பெயரைச் சொன்னதுண்டா? கடித உறைமேல் எழுதுவது வேறு, அது தபால்காரருக்கு. மங்கம்மா சொல்ல வாயெடுத்தாள். "அந்தம்மாவே சொல்லட்டும்" என்று அவர் தடுத்துவிட்டார். சொன்னேன். லூயிஸ் என்றேன். உடனே எல்லோரும் ஒரே குரலில், "வணக்கம் லூயிஸ்" என்றார்கள். நீங்கள் பின்னால் நிற்கிறீர்களோ என்று நான் திரும்பியே பார்த்துவிட்டேன். அங்கேயே அழுதேன். துக்கத்தில் இல்லை. உங்கள் பெயரை வெளியார் இத்தனை மரியாதையாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

கிளம்பும்போது கோதண்டம் ஒன்று சொன்னார். "நீ இஸ்துகினு வந்தா ஒரு நாள் வருவாரு. அவரா வந்தாத்தான் நிப்பாரு." அதனால் நான் கூப்பிடப்போவதில்லை. மார்க்கெட்டுக்குப் பின்சந்து, பச்சைக் கதவு போட்ட பள்ளிக்கூடம், சாயந்திரம் ஆறு மணி. ஜேக்கப் சந்து முனையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்பது உங்கள் கையில்.

நல்லபடியாக வந்து சேருங்கள். மாதா வழித்துணையாக வரட்டும். என் ஆயுசில் ஒரு தடவை உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். இனி அங்கே நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு
ஐரீன்