சீசாவில் இருந்தது என்னுடையது

பிரிக்பீல்ட்ஸ், 1936. செவ்வாய் இரவு.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அப்பாவின் சிறுநீரை இன்று ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். காய்ச்சும்போது அது வெள்ளையாகத் திரிந்தால் கிட்னி கெட்டது என்று அர்த்தம். ரயில் டிரைவர் வேலை போகும், வேலையோடு கிடைத்த இந்தக் குவார்ட்டர்ஸ் வீடும் போகும். அப்பாவின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துப் பயந்த அம்மா, அப்பா பிடித்து வைத்திருந்ததைக் கொட்டிவிட்டு, அதே சீசாவில் என் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தனுப்பினாள். அப்பாவுக்கு இது தெரியாது.

ஆஸ்பத்திரியில் சோதித்து மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அதைக் காய்ச்சிப் பார்த்தார். தெளிவாக இருந்தது.

"கிட்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே. இன்னும் பத்து வருசம் எஞ்சின் ஓட்டலாம் லா."

"அப்ப முட்டி வலிக்குக் கடையில விக்கிற அந்த வலித்தூளைச் சாப்பிடலாமா?"

"கிட்னி கெட்டவங்களுக்குத்தான் அது விஷம். அவங்களுக்கு ஊசி மருந்தும் உடம்புலயே தங்கி, சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வந்துடும். உங்களுக்கு என்ன பயம்? தாராளமா சாப்பிடுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சாயங்காலம் அப்பா ஊசி போட்டுக்கொண்டு தூளும் குடித்தார். சோற்றில் கை வைத்தபோதே கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. அம்மா ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள்.

"பகல் வெயில் தலைக்கு ஏறிடுச்சு. டிரெஸ்ஸரே சொல்லிட்டாரே, இனி என்ன?" என்று அப்பா சிரித்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாளை டிரெஸ்ஸரிடம் உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால்...

கதவு தட்டும் சத்தம். அப்பாதான்.

"பாப்பா, தூங்கிட்டியா? வலி தாங்கல. இன்னொரு தூள் கலக்கித் தாம்மா."