வடிவை இங்கே அனுப்ப வேண்டாம்

தூத்துக்குடி,
20-1-1947

கொழும்பில் கடை நடத்தும் பிரியமுள்ள அண்ணன் மந்திரமூர்த்தி அவர்களுக்குத் தங்கை சீனித்தாய் வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் வடிவும் சுகமாக இருக்கச் செந்தூரான் துணை. அண்ணன் மனைவியே ஆனாலும், என்னைவிட ஆறு வயது இளையவளை மைனி என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. வடிவு தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் மார்கழி நடுவிலேயே தோணிக்காரர் கையில் வந்து சேர்ந்தது. இரண்டு விஷயம் எழுதியிருந்தீர்கள். புருஷனை இழந்தவள் வீடு தாண்டக் கூடாது, நர்ஸ் படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றால் வீட்டிலிருந்தே போய்வரும்படி பால்துரை காலேஜில் சேர்ந்துகொள் என்பது ஒன்று. வடிவுக்குத் தாய் இல்லை, தலைப்பிரசவத்துக்கு மாசியில் அவளை இங்கே கொண்டுவந்து விடுகிறேன், நீ பார்த்துக்கொள் என்பது மற்றது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

பால்துரை காலேஜை நேரில் போய்ப் பார்த்தேன். கடைத்தெருவில் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். அவர் பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்து யுத்தம் முடிந்து வந்தவர். பேச்சுக்குக் குறைவில்லை. ஒன்பது மாதத்தில் சர்ட்டிபிகேட்டும், வெள்ளைத் தொப்பி வைத்து ஒரு போட்டோவும் உண்டாம். போட்டோவை முதல் நாளே எடுத்துவிடுவார்கள். படிப்பு எப்படிப் போனாலும் முகம் தெளிவாக விழுந்துவிடும். பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஒரு ரப்பர் பொம்மை வைத்திருக்கிறார். எத்தனை பேர் பிடித்து இழுத்தார்களோ, அதற்கு மூக்கே இல்லை. நோயாளியை எப்போது தொடுவோம் என்று கேட்டேன். ‘தொட்டாத்தான் படிப்பாம்மா? மொதல்ல புஸ்தகத்த மனப்பாடம் பண்ணுங்க’ என்றார்.

புறப்படும்போது இன்னொன்றும் கேட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று. நம் பக்கம் மூன்று நாள் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் ஜன்னி வந்துவிடும் என்பார்கள், உங்களுக்கும் தெரியும். அவர் சிரித்தார். ‘அந்தந்த வீட்டு வழக்கம் எப்பிடியோ அப்பிடியே விட்டுரணும். பெரிய பொம்பளையள எதுத்துக்கிட்டா அடுத்த வீட்டுல நம்மளக் கூப்பிட மாட்டாவ’ என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

மறு வாரம் ஆத்தூர்ச் சித்தப்பாவுடன் பஸ் ஏறி, மேற்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மூன்று வருஷம் படிக்க வேண்டும், அங்கேயே தங்கவும் வேண்டும். முதல் ஆறு மாதம் தரை கழுவுவதும் மலச்சட்டி எடுப்பதும்தான் படிப்பு. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கிருபை என்ற மூத்த நர்ஸ் என்னை வார்டு வார்டாகக் கூட்டிப்போனார். பிரசவ வார்டில், அன்று விடியற்காலை பெற்ற ஒருத்தி எழுந்து உட்கார்ந்து டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். கொடுத்தார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவளுக்கு ஜன்னி வராதா என்று கேட்டேன். ‘காய்ச்சல் வாரது அழுக்குக் கையால. தண்ணியும் குடுக்காட்டா காய்ச்சல்காரி சீக்கிரம் போயிருவா’ என்றார் கிருபை. பிறகு என் முகத்தையே பார்த்தபடி, ‘நீங்க யாருக்குக் குடுக்காம விட்டிய?’ என்று கேட்டார்.

முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் நாலு வருஷமாகச் சொல்லவில்லை.

உங்களுக்கு முதல் தாரமாக வந்த செல்லத்தாய் மைனி செத்தபோது யுத்தம். உங்களால் கடல் தாண்டி வர முடியவில்லை. பிள்ளை பிறந்து அழவேயில்லை, மூன்றாம் நாள் மைனியும் கஷ்டப்படாமல் கண்ணை மூடிவிட்டாள் என்று உங்களுக்கு எழுதினவள் நான். கஷ்டப்படாமல் என்று எழுதியது பொய், அண்ணா. மூன்று நாளும் காய்ச்சலில் வெந்தாள். மருத்துவச்சி இசக்கித்தாய் தண்ணீரைக் கண்ணில் காட்டக் கூடாது என்றாள், அம்மாவும் அதையே சொன்னாள். ஆனால் செம்பை எடுத்து ஒளித்துவிட்டு வாசலில் காவல் இருந்தது நான். ‘ஏளா சீனி, ஒரு மடக்கு தாளா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணியை வாய்க்கு இழுத்துச் சப்பினாள். நான் அதையும் பிடுங்கிவிட்டேன். அவள் நல்லதுக்கு என்று நம்பித்தான் பிடுங்கினேன். அறையில் இருந்தவர்கள் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

அன்றிலிருந்து மைனி இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. உச்சிவேளையில், உப்பளத்துக் காற்று அனலாக அடிக்கும்போது, நடு அறையில் உட்கார்ந்திருப்பாள். பயமுறுத்துவதில்லை, ஏசுவதில்லை. உதட்டை நக்கிக்கொண்டு என்னையே பார்ப்பாள். அம்மா கோடாங்கியைக் கூட்டி வந்து விபூதி போடச் செய்தாள். தாலி அறுத்த பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். ஒருநாள் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தும் பார்த்தேன். பொழுது சாயும்வரை அது அப்படியே இருந்தது.

அதனால் நான் மிஷன் ஆஸ்பத்திரியில்தான் சேரப்போகிறேன். பங்குனி முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவைச் சித்தப்பா ஆத்தூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பேசட்டும். அந்த நாலு பேர் வாயால் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினவள்தானே நான்.

இனி வடிவு விஷயம். அவளை இங்கே அனுப்பாதீர்கள், அண்ணா. நான் படித்துத் தேற மூன்று வருஷம் ஆகும். அவளுக்கு மூன்று மாதம்கூட இல்லை. இப்போதுதான் உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதே, அவள் கேட்டால் கொடுக்கமாட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் அம்மா இருப்பாள், இசக்கித்தாய் இருப்பாள், தெருப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் ஒரு அதட்டல் போட்டால் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியவில்லை. அப்படிப்பட்ட கையில் வடிவைக் கொடுக்க வேண்டாம். கொழும்பிலேயே ஆஸ்பத்திரியில் சேருங்கள். கடையைப் பூட்டிவிட்டு நீங்களும் கூடவே இருங்கள்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. இனி இவளோடு பேச்சே வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே இருங்கள், தாங்கிக்கொள்வேன். பிரசவம் ஆனதும் ஒரே ஒரு கார்டு மட்டும் போடுங்கள். ஆணா பெண்ணா என்று எழுத மறந்தாலும் பரவாயில்லை. வடிவு உயிரோடு இருக்கிறாள் என்று முதல் வரியில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சீனித்தாய்