பல் தெரியக் கூடாது

மார்ச் 6

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று வாலு சொன்னாள். கூடவே, இரண்டு வாரமாக உங்கள் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை என்றும் சொன்னாள்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே சண்டையில் போய் நிற்கிறது. தனித்தனியாக இருக்கும் இந்த மூன்று வருடத்தில் மூன்றாவது நிமிடத்தை நாம் பார்த்ததே இல்லை. அதனால் எழுதி, சனிக்கிழமை உங்களிடம் வருகிறவளின் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். ஏழு வயதாகிவிட்டது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். நீங்களும் ஒட்டி அனுப்புங்கள்.

விஷயம் இதுதான். எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே செய்கிற அதே பல் செட்டு செய்யும் வேலைதான், லேப் மட்டும் பெரியது. ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். வாலுவையும் அழைத்துப் போகிறேன். கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்று கத்துவீர்கள். கத்தி முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அவளுடைய விசாவுக்குக் கேட்கும் காகிதங்களின் பட்டியல் என்னைப் பைத்தியமாக்குகிறது. தலைப்பில் பதினேழு என்று போட்டிருக்கிறது, எண்ணினால் பதினாறுதான் வருகிறது. ஆறாவது வரி 'பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும்' என்கிறது. ஒன்பதாவது வரி 'ஒருவர் வந்தால் போதும்' என்கிறது. விசா அலுவலகக் கவுன்டரில் இருக்கிற அம்மாளைக் கேட்டால், “ரெண்டும் சரிதாம்மா” என்கிறார். எனக்குப் புரிந்தவரை உங்களிடமிருந்து இரண்டு வேண்டும். ஒன்று, குழந்தையை அழைத்துப் போக அப்பாவின் சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு. மாதிரித் தாள் உள்ளே இருக்கிறது. இன்னொன்று அவளுடைய புகைப்படம். அது உங்கள் தொழில், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் இருபதுக்குள் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மார்ச் 8

வாலுவின் அம்மாவுக்கு,

கத்தி முடித்துவிட்டேன். ஸ்டுடியோவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கத்தினேன்.

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. உன் கைவேலை எனக்குத் தெரியும். நீ செய்த பல்லை மாட்டிக்கொண்டு என்னிடம் படம் எடுக்க வருகிறவர்கள் வாயை மூடவே மாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் மாதிரித் தாளை நாலு தடவை படித்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புறப்படும் தேதி ஜூன் 5 என்று எழுதியிருக்கிறாய். திரும்பும் தேதி என்ற இடம் காலியாக இருக்கிறது. மறந்துவிட்டாயா? நீ மறக்கிற ஆள் இல்லையே, என் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணுகிறவள். நீ போவது இருக்கட்டும். வாலு என்றைக்குத் திரும்பி வருவாள்? அந்த ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

படம் நாலு பிரதி வைத்திருக்கிறேன்.

வாலுவின் அப்பா


மார்ச் 13

வாலுவின் அப்பாவுக்கு,

படம் திரும்பி வந்துவிட்டது. “பல் தெரியக் கூடாது. வாய் மூடி இருக்கணும்” என்று சொல்லிவிட்டார் கவுன்டர் அம்மாள். அந்த முன்பல் பாதி முளைத்து, ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிறதே, ஊருக்கெல்லாம் பல் செய்கிற எனக்கே அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலத்தான் இருந்தது. அவருக்கு அப்படி இல்லை. வேறு படம் அனுப்புங்கள்.

தேதியைக் கேட்கிறீர்கள். என் ஒப்பந்தம் இரண்டு வருடம். பிறகு நீட்டிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது, நீட்டிப்பு கட்டாயமில்லை என்று அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. எதை நம்பி எழுதுவது? அதனால்தான் காலியாக விட்டேன். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மார்ச் 15

வாலுவின் அம்மாவுக்கு,

புதுப் படம் வைத்திருக்கிறேன். வாயை மூட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் எதிரே போய் நின்றாலே சிரிக்கிறாள். சிரிக்காதே என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

சம்மதக் கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். தேதி இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பேனா அதே இடத்தில் ஊறி, பெரிய பொட்டாக மை. நோட்டரி வக்கீல் பார்த்துவிட்டு, “அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதுங்க, புதுசா எழுதிட்டு வாங்க” என்றார். புதுத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

உள்நோக்கம் இல்லை என்று எதற்காக எழுதினாய்? நான் கேட்கவே இல்லையே.

வாலுவின் அப்பா


மார்ச் 20

வாலுவின் அப்பாவுக்கு,

அதுவும் திரும்பிவிட்டது. பின்னால் நிழல் விழுந்திருக்கிறதாம். பதினெட்டு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுக்கிறீர்கள். எந்த நாட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். சொந்த மகளின் படம் இரண்டு தடவை திரும்பி வருகிறது என்றால் நான் என்ன நினைக்க வேண்டும்? போக வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். இப்படிச் சுற்றி வளைக்காதீர்கள்.

நாளைக்கே வேறு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போக எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வாலுவின் அம்மா


மார்ச் 22

வாலுவின் அம்மாவுக்கு,

நேராகவே சொல்கிறேன். நிழலைப் படம் எடுக்கும்போதே பார்த்தேன். இடது பக்க விளக்கைப் போடவில்லை. மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன், எனக்கே தெரியவில்லை. வேண்டுமென்றே என்றால் நான் இவ்வளவு மோசமானவனா என்று இருக்கிறது. மறதி என்றால் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படி மறந்ததில்லை.

அவள் போவது நல்லதுதான் என்று காலையில் தோன்றுகிறது. கடையைத் திறந்ததும் மனசு மாறிவிடுகிறது. சனிக்கிழமை வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. எத்தனையோ பேரைப் படம் எடுத்து விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறேன், எனக்கென்று ஒரு பாஸ்போர்ட் எடுத்ததில்லை. எங்கேயும் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று நீ அழுததெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது படம் இது. எல்லா விளக்கையும் போட்டுத்தான் எடுத்தேன். நம்பு. நம்பாவிட்டால் வேறு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போ. வேண்டாம், போகாதே.

வாலுவின் அப்பா


மார்ச் 27

வாலுவின் அப்பாவுக்கு,

கோபப்படாதீர்கள். மூன்றாவதும் திரும்பிவிட்டது. இந்தத் தடவை உங்கள் மேல் தப்பில்லை. பல் இல்லை, நிழல் இல்லை, அளவும் சரி. கவுன்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “குழந்தை கேமராவப் பாக்கலயேம்மா. பக்கத்துல வேற யாரையோ பாக்குது” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வலது பக்கமாக, கொஞ்சம் மேலே. கேமராவுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிற இடம். முந்தைய இரண்டு படத்தையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் பார்க்கிறாள். வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எனக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

தேதி விஷயத்தில் நானும் நேராகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் திரும்பி வர எனக்கு மனசு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதை எழுத்தில் போடப் பயந்துதான் காலியாக விட்டேன். நீங்களே நிரப்புங்கள். எந்தத் தேதி போட்டாலும் அவளை அன்றைக்கு உங்களிடம் கொண்டுவந்து நிறுத்துவேன்.

வேறு ஸ்டுடியோவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள்.

வாலுவின் அம்மா


ஏப்ரல் 5

வாலுவின் அம்மாவுக்கு,

இந்தப் படத்தைக் கட்டாயம் வாங்கிக்கொள்வார்கள்.

கேமராவில் பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு, “அந்த கேமரா கண்ணாடிய மட்டும் பாரு, அப்பா இப்ப வந்துடறேன்” என்று சொல்லி, திரையை இழுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. 'கிளிக்' கேட்டதும் எட்டிப் பார்த்தேன். முதுகை நிமிர்த்தி, வாயை மூடி, சொன்னது சொன்னபடி உட்கார்ந்திருந்தாள். “முடிஞ்சுதாப்பா?” என்றாள். படம் ஒரு குறை இல்லாமல் வந்திருக்கிறது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. இரண்டு வருடம் முடிகிற நாளையே திரும்பும் தேதியாக எழுதிவிட்டேன். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. முதல் மூன்று படங்களையும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. அவர்களுக்குத்தான் அவை வேண்டாம்.

வாலுவின் அப்பா


ஜூன் 28

வாலுவின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். எல்லைச் சோதனையில் இருந்த அதிகாரி உங்கள் சம்மதக் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார், தேதியில் விரல் வைத்து வாலுவைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார். இப்போது உங்களுக்கு எழுதினால் தபால்காரர்தான் பை. போன் வேண்டாம், இது நன்றாக இருக்கிறது.

வேலை பழகிவிட்டது. மாடியில் ஒரு அறை, ஜன்னல் பெரியது. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். முன்பல் முழுசாக வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். இங்கே தங்குவதற்கான அட்டைக்குப் படம் நாம் கொடுக்கக் கூடாது, அவர்களே அலுவலகத்தில் எடுக்கிறார்கள். சுவரில் கம்பியில் பொருத்திய கேமரா. பக்கத்தில் யாருமே கிடையாது. அங்கேயும் இவள் வலது பக்கம், கொஞ்சம் மேலே பார்க்கிறாள். அந்த அதிகாரி கையைத் தட்டினார், சொடுக்குப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. “எங்கடி பாக்கிற?” என்று கேட்டேன். “அப்பா இங்கதானே நிப்பாரு” என்றாள். “அன்னைக்கு அப்பா வெளிய போனப்ப மட்டும் எப்படி நேரா பாத்த?” “அன்னைக்கு அப்பா திரும்பி வரேன்னு சொன்னாரே!”

நான் போய் அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். என்னைத் தாண்டிப் பார்த்தாள். நாலு தடவை எடுத்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் செய்தது சரியா தப்பா என்று புரியவில்லை. உங்களை விட்டு வந்ததற்காக வருத்தப்படுகிறேனா என்றும் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்திருக்கிறேன். இங்கே வந்து பார்க்க உங்களுக்கு விசா எடுக்கும் பட்டியலை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். பதினான்கு என்று போட்டிருக்கிறது, பதின்மூன்றுதான் வருகிறது, நீங்களும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். படம் எடுக்கிறவர் சொல்கிற இடத்தைப் பாருங்கள், பல்லைக் காட்டாதீர்கள், பொத்தான் முழுசாக இருக்கிற சட்டையைப் போடுங்கள்.

அழைப்புக் கடிதத்தை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறவு என்ற இடத்தில் 'என் மகளின் அப்பா' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடித்தல் திருத்தல் கூடாது, அப்படியே இருக்கட்டும்.

திரும்பும் தேதி என்ற இடத்தில் மட்டும் நான் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா